கோமளா டாக்டரும் ஓர் இடக்கையும்

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கிளார்க் வந்து, "சிஸ்டர், நம்ம கோமளா டாக்டர் நேத்து செம்பூர் வீட்டுல தவறிட்டாங்களாம்" என்றார். மதியமே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தலைமை மருத்துவர் அவரை 'முன்னோடி' என்று புகழ்ந்தார்.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பேசப் பயிற்சி கொடுத்தவர் கோமளா. "மூளையில பேச்சும் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு, சிஸ்டர். ஒண்ணு கதவைத் திறக்கலேன்னா இன்னொண்ணைத் தட்டிப் பாக்கணும்" என்பார்.

தாராவியில் தோல் வெட்டும் இசக்கிமுத்துவுக்கு வலப்பக்கம் விழுந்து, மூன்று வாரமாக ஒரு சொல் வரவில்லை. தோலை எப்படி வெட்டுவார் என்று இடக்கையால் காட்டச் சொன்னார் டாக்டர். நாலாம் நாள், கை காற்றை வெட்டும்போதே "கத்தி" என்றார் இசக்கிமுத்து. தம்ளரைத் தூக்குவதுபோல் காட்டியதும் "தண்ணி" வந்தது. கட்டிலருகே நின்ற மனைவி, "எம் பேரச் சொல்லச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினாள். அவளை எப்படிக் கூப்பிடுவார் என்று கையால் காட்டச் சொன்னார் டாக்டர். இசக்கிமுத்து கையை ஆட்டி அழைத்தார். "ஏளா!"

"பேரு வராட்டா என்ன, இப்பிடித்தான் கூப்புடுவாவ" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுவாரம் இதே தலைமை மருத்துவர் விருந்தினர்களோடு வந்தார். "கையை ஆட்டுறது பேச்சா? ஊமைக்கூத்து. கையைக் கட்டுங்க, அப்புறம் பேசட்டும்" என்றார்.

"கையைக் கட்டினா அவர் வாயைக் கட்டின மாதிரி, சார்" என்றார் கோமளா.

தலைமை மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் துணிப்பட்டை எடுத்து வந்து இசக்கிமுத்துவின் இடக்கையைக் கட்டில் கம்பியோடு கட்டினேன். தம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். இசக்கிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயிலிருந்து காற்றுதான் வந்தது. யாரோ சிரித்தார்கள்.

பயிற்சி அறை ஸ்டோர் ரூம் ஆயிற்று. கோமளா ராஜினாமா செய்தார். அதன்பிறகும் படுக்கையில் விழும்வரை வாரம் இருமுறை பஸ் பிடித்து தாராவிக்குப் போய் இசக்கிமுத்துவுக்குப் பேச்சுப் பழக்கினார். இரங்கல் கூட்டத்தில் பேசிய யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர்கூட அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. நானும் போகவில்லை.

அவர் வேலையை விட்டுப் போன அன்று வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். கோபமில்லாமல்தான் பேசினார்: "வேலை போயிடும்னு பயந்தேள். புரியறது. ஆனா முடிச்சு போடறச்சே ரெண்டாந்தரம் இழுத்து இறுக்கினேளே, அப்படி இறுக்கச் சொல்லி யாருமே சொல்லலையே சிஸ்டர்?"

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.