வாங்கி வைத்தவர்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தார். எந்தச் சாமானுக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்பது கலெக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். செங்கல்பட்டில் ஏறுகிற ஒருவர் வெங்காயம் வராதாம் என்பார். திருக்கழுக்குன்றத்தில் ஏறுகிற அம்மா அதைக் கேட்டுவிட்டுப் பருப்பும் வராதாம் என்பாள். மாமல்லபுரம் போய்ச் சேருவதற்குள் நாட்டில் ஒன்றுமே மிச்சமிருக்காது. அவர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்தது அந்த வதந்திகள் மட்டும்தான். அவற்றைப் பத்திரமாக இறக்கி வீடுவரைக்கும் கூட்டிவருவார், கையில் ஒரு பெரிய துணிப்பையோடு.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீடு. வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அங்கே குடியிருந்துகொண்டு, உப்பு கிடைக்காதாம் என்று ஒரு தடவை இருபது பாக்கெட் உப்பு வாங்கிவந்தார்.

"எதிர்ல அம்மாம்பெரிய கடல் கீது. உப்பு வராதுன்னு எவன் சொன்னான் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கடல் கீது டீச்சரு. பாக்கெட் போடறவன் வரணும்ல?" என்றார்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணமான புதிதில் கிண்டலுக்காக டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தவர், கடைசிவரை என்னை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. அந்த உப்பு மழைக்காலத்தில் கசிந்து ஸ்டோர் ரூம் தரையெல்லாம் ஈரமாகிவிட்டது. துடைத்துக்கொண்டே திட்டினேன். ரவையில் வண்டு வந்தபோதும் திட்டினேன். அவர் சல்லடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். எனக்கு வாய் நீளம். முப்பது வருஷம் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரல், வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சும்மா திட்டினேன் என்றும் சொல்ல முடியாது. என் பக்கம் நியாயம் இருந்தது. "பயந்துகினு நாலு வூட்டுக்காரங்க நாலு மூட்ட தூக்கினு போயிட்டா, அன்னன்னிக்கு வாங்கித் துன்றவங்க எங்க போவாங்க? தட்டுப்பாடு தானா வர்ல. உங்கள மாதிரி ஆளுங்கதான் கூட்டிகினு வர்றாங்க" என்பேன்.

"நா இன்னா பூட்டியா வெச்சினுகீறேன்? கேட்டவங்களுக்குக் குடுக்கறேன்ல" என்பார்.

அதுவும் உண்மைதான். பக்கத்து வீட்டுப் பெண் மீன் விற்பவள். புயல் மழைக்குப் படகு போகாத நாட்களில் அவள் வீட்டுக்கு அரிசியும் மெழுகுவர்த்தியும் எங்கள் ஸ்டோர் ரூமிலிருந்துதான் போகும். கஞ்சன் மாதிரிச் சேர்ப்பார், மகாராஜா மாதிரி அள்ளிக் கொடுப்பார். இரண்டுக்கும் என்னிடம் தனித்தனியாகத் திட்டு வாங்குவார்.

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட முதல் வாரத்தில் அவர் ஜெயித்தார். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊரே கடைகளின் முன்னால் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் குறை என்று சொல்ல ஒரு சாமான் இல்லை. காலையில் எழுந்ததும் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துவைத்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நிற்பார். "சரி, ஒத்துக்கறேன். நீங்க செஞ்சதுதான் சரி" என்றேன்.

"காது கேக்கல. இன்னொரு தபா சொல்லு" என்றார்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். விட முடியவில்லை. தினமும் கடை திறக்கிற அந்தச் சில மணி நேரத்துக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மளிகைக் கடை வாசலில் தள்ளித் தள்ளி நிற்பதற்காகச் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் யாரும் நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒருவர் இறந்துபோய், சொந்தக்காரர்களிடம்கூட உடம்பைக் காட்டாமல் எடுத்துப் போனார்கள். எனக்குப் பயத்தில் தூக்கம் போய்விட்டது. நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் தினமும் போன் செய்து, "நைனாவ வெளிய வுடாதம்மா" என்றான். விடாமல் இருக்க அவர் என்ன ஆட்டுக்குட்டியா?

ஒருநாள் மதியம் நெருங்கித்தான் வீடு திரும்பினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. பையிலிருந்து ரவை பாக்கெட்டுகளாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். பத்து பாக்கெட். ஏற்கெனவே உள்ளே இருந்த ரவைக்கே ஆளில்லை. நான் அப்போது மகனோடும் மருமகளோடும் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். போனை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

"சாவணும்னு ஆசையா உங்களுக்கு? இந்த ரவையக் கட்டிகினுதான் சாவப்போறீங்களா?" என்று கத்தினேன். "இதான் கடைசி. இனிமே இந்த வாசப்படியத் தாண்டி ஒரு குண்டூசி உள்ள வந்திச்சின்னா, நா பையன் வூட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க மூட்டைங்களும் இங்கயே கெடங்க."

திரையில் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர் பார்த்தார். எவ்வளவு திட்டினாலும் சிரிக்கிறவருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பைக்கு அடியிலிருந்து மெடிக்கல் ஷாப் கவரை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மூன்று மாதத்துக்கு என்னுடைய சுகர் மாத்திரை. பிறகு பையை உதறி மடித்து ஆணியில் மாட்டிவிட்டு, "சரி டீச்சரு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. காய்கறி தெருவுக்கே வண்டியில் வந்தது, பால் வந்தது, அது போதுமாக இருந்தது. என் பேச்சு எடுபட்டுவிட்டது என்று எனக்கு நிம்மதி. ஒரு தடவை, "உங்க பிரஷர் மாத்திர கீதா?" என்று கேட்டேன். "கீது, கீது" என்றார். நான் மேலே கேட்கவில்லை. இருபது பாக்கெட் உப்பு வாங்கி வைக்கிற மனுஷனிடம் மாத்திரை இல்லாமலா போகும்?

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். காலையில் இட்லி சாப்பிட உட்கார்ந்தார். இட்லியைப் பிட்கப் போன விரல்கள் தட்டிலேயே வழுக்கி வழுக்கிப் போயின. "இன்னா, கொழந்தயா நீங்க? ஊட்டி வுடணுமா?" என்று சொல்லிக்கொண்டே சட்னி கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. கடைசியாக அவர் காது தெளிவாகக் கேட்டது அந்தக் கிண்டலாகத்தான் இருக்கும்.

ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்க மூடிய உடைக்குள் கண்கள் மட்டும் தெரிந்த ஒரு சின்ன வயது டாக்டர், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா எடுத்துக்குவாராம்மா?" என்று கேட்டார்.

"ஒரு நாள் தவற மாட்டாரு டாக்டர். என் கண்ணு முன்னாடிதான் போடுவாரு" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்தது. என் வீடு ஒழுங்கான வீடு என்று காட்டிக்கொள்கிற குரல். அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என்னையே பார்த்தார். பேச்சு போய்விட்டிருந்தது. பயத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் சொன்னதையே அன்று ராத்திரி போனில் மகனிடமும் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

காரியத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் வந்தார்கள். மகன் பாஸ் வாங்கிக்கொண்டு வந்து, எல்லாம் முடிந்ததும் நாவலூருக்குத் திரும்பினான். அதன் பிறகு ஒருநாள் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தட்டைச் சுத்தம் செய்தேன். ஷேவிங் சாமான், சீப்பு, மாத்திரை டப்பா. டப்பாவுக்குள் ஒரே ஒரு அட்டை இருந்தது. தாளைக் கிழிக்காமல் நிதானமாகப் பிரித்து, உள்ளே இருந்த மாத்திரைகளைச் சரிபாதியாக நறுக்கித் திரும்ப வைத்திருந்தார். நாலு பாதிகள் மிச்சம். கூடவே உடைத்த அரை பிளேடு, அதன் முனையில் வெள்ளைத் தூள்.

நான் அறிவியல் படித்தவள். புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. ஆனாலும் வேறு ஏதாவது காரணம் இருக்கக்கூடாதா என்று மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் கேட்டேன்.

"அன்னிக்கு உங்க மாத்திர இருந்திச்சிக்கா, குடுத்தேன். அண்ணாத்தது மட்டும் ஸ்டாக் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னேன். அவர் வரவேயில்ல" என்றார் கடைக்காரர்.

அந்த இரண்டாவது நாள் எங்கள் வீட்டில் ஒரு குண்டூசிக்கும் அனுமதி இல்லை. வாங்கி வைத்துப் பழகிய கைக்கு இன்னொன்றும் தெரியும். இருப்பதை நீட்டத் தெரியும். அரிசி குறைந்தால் கஞ்சியாக வைத்து இன்னும் இரண்டு நாளைக்கு ஓட்டுவதுபோல மாத்திரையை ஓட்டியிருக்கிறார். தினமும் காலையில் தண்ணீர் டம்ளரை நீட்டியவள் நான்தான். என் கண் முன்னால்தான் போட்டார். அந்த உள்ளங்கையில் இருப்பது முழுசா, பாதியா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்குச் சர்க்கரைக்கு மருந்து எழுதுகிற டாக்டரிடம் யாரோ ஒருவர் கதைபோலச் சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். நல்ல மனிதர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். அதற்கு மேல் தாங்கவில்லை.

பிறகு பல மாதம் அவர் வாங்கி வைத்ததைத்தான் சாப்பிட்டேன். ரவை எனக்குப் பிடிக்காது. பத்து பாக்கெட்டையும் ஒன்று விடாமல் கிளறித் தின்றேன். "நல்ல வேளக்கா, அண்ணாத்த எல்லாத்தியும் வாங்கி வெச்சிட்டுப் போனாரு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். ஆமாம் என்பேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த சுகர் மாத்திரையையும் வேளைக்கு ஒன்றாக முழுங்கினேன். என்னை உயிரோடு வைத்துக்கொள்ள அவர் வாங்கி வைத்தது அது. எறியவும் மனம் வரவில்லை, அழாமல் முழுங்கவும் முடியவில்லை.

இப்போதும் கேஸ் வராதாம், எண்ணெய் வராதாம் என்று அவ்வப்போது ஏதாவது கிளம்புகிறது. கூட வேலை பார்த்தவர்கள், "டீச்சர், வாங்கி வைக்கலாமா, வேணாமா?" என்று கேட்கிறார்கள். அன்றைக்கு நான் பேசிய நியாயம் இன்றைக்கும் தப்பு என்று சொல்ல மாட்டேன். மூட்டை கட்டுகிறவனால்தான் இல்லாதவனுக்குக் கிடைக்காமல் போகிறது. அவர் செய்ததும் தப்பில்லை, அந்த மூட்டையில்தான் இரண்டு வீடு சாப்பிட்டது. நான் தோற்றது நியாயத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த மனுஷனுக்கு என்ன தேவை என்று பார்க்காமல் நியாயம் பேசினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை.

போன மாதம் நாவலூருக்குப் போயிருந்தேன். சமையலறையில் மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அத்தை, இவருக்கு ஆபீஸ் செக்கப்ல பிரஷர்னு சொல்லிட்டாங்க. மாத்திரை வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. பிரிக்கவே இல்ல. நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

மகனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டேன்.

"வுடும்மா" என்றான். "நைனா ஒரு நாள்கூட தவறாம போட்டாரு. நீதான டாக்டராண்ட சொன்ன? கடைசில இன்னா ஆச்சு? மாத்திர போட்டா மட்டும் நின்னுடப்போவுதா?"

நான் ஆஸ்பத்திரியில் பெருமையாகச் சொன்ன வார்த்தையைத்தான் அவன் இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறான். லேப்டாப்பை மூடச் சொன்னேன். மருமகளையும் வந்து உட்காரச் சொன்னேன். ரவை வந்த அன்றைக்கு நான் கத்தியதை இரண்டு பேரும் கேட்டவர்கள்தான். அதன் பிறகு நடந்ததைச் சொன்னேன். அட்டையைச் சொன்னேன், பிளேடைச் சொன்னேன், மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதையும் சொன்னேன். மருமகள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மகன் மூடிய லேப்டாப்பைத் தள்ளி வைத்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். "மாத்திர தீந்துடுச்சு, போய் வாங்கியாரேன்னு. அவ்ளோதான."

"சொன்னா நா கத்துவேன்னு பயந்திருப்பாரு" என்றேன்.

அப்படியெல்லாம் இருக்காதும்மா என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். மாத்திரை அட்டையைப் பிரிக்கிற சத்தமும் குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தமும் கேட்டன. முழுங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் காத்திருந்த அந்த வார்த்தையை மட்டும் அவன் சொல்லவில்லை.