ஒரு கால் கட்டையான களிசான்

என் வாழ்க்கையில் அரைவாசிக்கு மேல் எனக்கு நீளக் களிசான் தைத்துத் தந்தவன் ஒருவன்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டுவிட்டு அவன் தன் மாமாவின் டெயிலர் கடைக்குப் போனான். நான் மேலே படித்து, கல்முனையில் ஒரு கந்தோரில் கிளார்க்காகச் சேர்ந்தேன். வேலைக்குப் போன முதல் நாள் போட்டிருந்த களிசான் அவன் தைத்தது. கலியாணக் களிசானும் அவன் தைத்ததுதான். பசாருக்குள் அவன் சொந்தமாகக் கடை போட்ட பிறகு, பெருநாளுக்கு முந்திய வாரங்களில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அப்போதும் நான் துணியை மேசையில் போட்டுவிட்டு வந்தால் போதும். என் இடுப்பு பெருத்ததை என் மனைவிக்கு முன்னமே தெரிந்துகொண்டவன் அவன். அவனிடம் நான் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல முடியும். கேட்பதற்கும் ஆளில்லை. நடந்தது எங்கள் இரண்டு வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம், கந்தோர் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் வீதிக்குத் திரும்பியபோது, பிழையான பக்கத்தால் ஒரு பைக் வந்தது. ஓட்டிவந்தவன் ஒரு கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நேரத்தில் தலையை நிமிர்த்தினான். அந்த முகத்தை அது பிறந்த வாரத்திலிருந்து எனக்குத் தெரியும். என் சிநேகிதனின் மூத்த மகன். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். எனக்கு இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆம்பிளைகள் எல்லாம் பள்ளிவாசலில் இருந்த நேரம். சத்தம் கேட்டு ஆட்கள் வந்து சேர்ந்தபோது அவனும் இல்லை, அவன் பைக்கும் இல்லை.

பொலிஸ் வருவதற்கு முன்னமே ஆஸ்பத்திரிக்குச் சிநேகிதன் வந்துவிட்டான். கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்தான்.

"மச்சான், அவனுக்கு கட்டார் விசா வந்திரிக்கி. பொலிஸ்ல ஒரு என்ட்ரி விழுந்தா ரிப்போட் கிடைக்காது. எல்லாம் ஒன்ட வாயிலதான் இரிக்கி."

அழுதான். அவனுடைய உம்மாவின் ஜனாஸாவிலும் அவன் அழுது நான் கண்டதில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்ற என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கியது. ஆனாலும் பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது, வெட்டித் திருப்பினேன், விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதமே மகன் கட்டாருக்குப் போய்விட்டான். நான் பிளேட் வைத்த தொடையோடு வீட்டில் கிடந்தேன். முதலில் சிநேகிதன் இரண்டொரு தரம் வந்தான். தோடம்பழம் கொண்டுவந்தான். வாசலைப் பார்த்தபடி இருந்து, கடையில் வேலை கூட என்று எழும்பிப் போனான். பிறகு வரவில்லை. போன் எடுத்தால், கொஞ்சத்தில் எடுக்கிறேன் என்பான். அவ்வளவுதான்.

எலும்பு பொருந்தியது. ஆனால் இடது கால் ஒன்றரை இஞ்சி கட்டையாகிவிட்டது. இப்படியும் ஆகலாம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கியபோதுதான் களிசான் ஒரு பிரச்சினை என்று தெரிந்தது. வீட்டில் சாரன் உடுத்துக்கொண்டு இருக்கலாம், கந்தோருக்கு அப்படிப் போக முடியாது. பழைய களிசான்களின் இடது கால் நிலத்தில் இழுபட்டது. மாரி காலத்தில் முழங்கால் வரை ஈரம் ஏறும். மனைவி கீழ்ப்பக்கத்தை மடித்துத் தைத்துத் தந்தாள். அப்படியும் சரிவரவில்லை. வெளிப்பக்கத் தையல் சரியாக ஒப்பரேஷன் தழும்பின் மேலேயே ஓடியது. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அந்த இடம் சிவந்து எரியும்.

புதுத்துணி வாங்கிக்கொண்டு சிநேகிதனின் கடைக்குப் போனேன். கால் கட்டையாகிவிட்டது, திரும்ப அளக்க வேண்டும் என்றேன். நாடா அவன் கழுத்தில்தான் தொங்கியது. அவன் அதைத் தொடவில்லை. என் அளவு தனக்குத் தெரியும்தானே என்றான். பழைய அளவு சரிவராது என்று நான் திரும்பவும் சொன்னேன்.

"அது நடக்க நடக்கச் சரியாகும் மச்சான். நீ கனக்க யோசிக்காத."

ஒன்றரை இஞ்சி எலும்பு நடக்க நடக்க வளராது என்பது அவனுக்கும் தெரியும். அளக்க வேண்டுமென்றால் என் காலடியில் குந்த வேண்டும். இடுப்பிலிருந்து குதிக்கால் வரை நாடாவைப் பிடித்து இரண்டு காலையும் பார்க்க வேண்டும். அதுதான் அவனுக்கு ஏலாமல் இருந்தது. அன்று எனக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது. ஒரு கிழமையில் களிசான் வந்தது. இரண்டு காலும் ஒரே நீளம்.

அதைத் திருப்பிக் கொண்டுபோனேன். கடையில் வேலை செய்பவர், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார். உள்ளறைத் திரைக்குக் கீழே மெசின் மிதிபலகையும் அதன்மேல் இரண்டு பாதங்களும் தெரிந்தன. நான் பேசுவதைக் கேட்டு அந்தப் பாதங்கள் மிதிப்பதை நிறுத்தின. களிசான் பையை மேசையில் வைக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை சாய்ந்தமருதில் வேறொரு டெயிலரிடம் போனேன். அவர் அளக்கத் தயாராகத்தான் இருந்தார். நாடாவை விரித்தபடி, கால் எப்படி இப்படியானது என்று கேட்டார். நாய்க் கதையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்படியென்றால் பசார் டெயிலரின் கூட்டாளி நான்தானா, அவரே தனக்கு இதைச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"ஒங்களுக்குக் கண் மங்கிப்போச்சாமே. பைக்க உட்டுடு உட்டுடுண்டு அவர் சொல்லச் சொல்லக் கேக்காம ஓடினீங்களாம். பாவம், அவர் சரியான கவல."

எனக்குக் கண்ணாடிகூட இல்லை. பிறகு வருகிறேன் என்று சொல்லித் துணியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவனுக்காக ஒரு பொய்யைச் சொன்னேன். அதை எடுத்து அவன் என் தலையிலேயே கட்டிவிட்டான். நாய் குறுக்கே வந்தது என்றால் கெட்ட நேரம் என்று விட்டுவிடுவார்கள். கண் தெரியாமல் ஓடினான் என்றால் பிழை என்னுடையது. அப்படி ஒரு கதையை அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் மனது ஆறுவதற்காக அவனே கட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள் அவள். யாரிடம் சொல்வது? பொலிஸில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அன்று இரவு சாப்பிடும்போது, இனி என் களிசானை நானே தைத்துக்கொள்வேன் என்றேன். மனைவி சிரிக்கவில்லை. அவளிடம் கலியாணத்தோடு வந்த தையல் மெசின் இருந்தது. தலையணை உறையும் பிள்ளைகளின் சட்டையும் தைப்பாள், களிசான் தைத்துப் பழக்கமில்லை. மகள்தான் போனில் தேடி ஒரு பெட்டனைக் கண்டுபிடித்தாள். துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள். கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து, தாள்களை ஒன்றோடொன்று செலோ டேப்பால் ஒட்டினால் ஒரு களிசானின் முன்னும் பின்னும் முழு அளவில் நிலத்தில் விரியும். பார்க்க லேசாக இருந்தது. முதல் தாளின் மூலையில் ஒரு சிறிய சதுரம் இருந்தது. அதை அடிமட்டத்தால் அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நான் அளக்கவில்லை. கொமினிகேஷன் மெசின் எல்லாத் தாளையும் கொஞ்சம் சுருக்கி அடித்திருந்தது. பழைய படுக்கை விரிப்பை வெட்டித் தைத்த முதல் களிசான் தொடைக்கு மேலே ஏறவில்லை.

திரும்பவும் பிரின்ட் எடுத்தோம். இந்த முறை சதுரம் சரியாக இருந்தது. மடித்துத் தைத்தது ஏன் சரிவரவில்லை என்பது தாளை விரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எனக்குக் குறைந்தது தொடையில். கீழே மடித்தால் களிசானின் முழங்கால் என் முழங்காலுக்குக் கீழே வந்துவிடும், இருந்து எழும்பும்போதெல்லாம் இழுக்கும். ஆகவே இடது காலின் தாளைத் தொடைப்பக்கத்தில் குறுக்கே வெட்டி, ஒன்றரை இஞ்சி மேலே ஏற்றி ஒட்டினேன். வெளித்தையலைத் தழும்பிலிருந்து விலக்கி முன்பக்கம் தள்ளிக் கோடு போட்டேன். மனைவி சோக் கட்டியால் என் காலில் நேரடியாக அடையாளம் வைத்தாள். தழும்பின் மேல் கை படும்போது அவள் வாய் இறுகும்.

வலது காலால் மட்டும் மெசினை மிதித்தேன். நூல் அறுந்தது, ஊசி உடைந்தது, ஸிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். தைத்ததைவிடப் பிரித்ததே கூட. பிரிக்கும்போது கைக்கு வேலை, மனதுக்கு வேலையில்லை. அப்போது அவனோடு கதைத்துக்கொண்டிருப்பேன். அவன் கடையில், எல்லோருக்கும் முன்னால், உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவன் தலை குனிவான். ஒவ்வொரு தரமும் வசனத்தைக் கொஞ்சம் மாற்றிக் கூராக்குவேன். தையல் வேலை மனதை ஆற்றும் என்று சொல்கிறார்கள். எனக்கு அது ஆற்றவில்லை. கோபத்துக்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுத்தது.

மூன்றாவது களிசான் சரிவந்தது. கறுப்புத் துணி. இடுப்புப் பட்டி கொஞ்சம் கோணல், சேர்ட்டை வெளியே விட்டால் தெரியாது. கந்தோர் வாசலில் இறங்கி நடந்தபோது களிசானின் இரண்டு காலும் நிலத்தைத் தொடாமல் ஒரே மட்டத்தில் நின்றன. தழும்பு எரியவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை, கவனிக்கவும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கடையில் களிசான் தைக்கக் கொடுத்ததில்லை.

இந்த வருடம் அவன் மகன் லீவில் வந்தான். கலியாணம் பேசியிருந்தார்கள். அழைப்புச் சொல்ல வாப்பாவும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மகன் நன்றாகப் பெருத்து, தாடி வைத்து, ஆளே மாறியிருந்தான். மனைவி பிளேன்டீ ஊற்றி மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளே நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிக் கதைத்தோம். மகன் கோப்பையைக் கையில் வைத்தபடி என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சாச்சா, அண்டைக்கு நான் நிண்டிருக்கணும். ஓடினது பிழை. இவ்வளவு காலமும் எனக்கு..."

வாப்பா அவனை முடிக்க விடவில்லை.

"அவர் நாய்க்கு வெட்டி உழுந்தவரு. நீ என்னத்துக்கு இப்ப அதக் கதைக்கிற?"

என் வீட்டில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். குரலில் நடுக்கமில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி அவன் அதை நம்பியேவிட்டானோ என்று அப்போது தோன்றியது. நான் கூராக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. மகன் என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் முழுவதையும் சொல்லிவிடுவான் போலிருந்தது.

"ஓம். நாய்தான்" என்றேன்.

மகன் தலையைக் குனிந்தான். சிநேகிதன் எழும்பினான். அவர்களை அனுப்ப நானும் எழும்பி வாசல்வரை போனேன். அவன் கண் என் களிசானில் விழுந்தது. தொழில்காரனின் பார்வை, இடுப்பிலிருந்து கீழே ஒரு ஓட்டம்.

"இத ஆரு தைச்ச?"

"நான்தான்."

"கவட்டுல இழுக்குது" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவன் சொன்னது சரி. கதிரையில் இருக்கும்போது இரண்டு காலும் சேரும் அந்த இடம் இழுத்தது உண்மைதான். தாளை எடுத்து, பின்பக்க வளைவைக் கொஞ்சம் ஆழமாக வெட்டி, கலியாணத்துக்கு ஒரு சாம்பல் களிசான் தைத்தேன். இழுப்பு நின்றது. அது எனக்கு இன்னும் கசப்பாக இருந்தது.

மனைவி வரமாட்டேன் என்றாள். நான் போனேன். போகாமல் விட்டால் ஏன் என்று ஊர் கேட்கும், அதற்கும் நான் ஒரு பொய் தேட வேண்டும். மண்டபத்தில் எல்லோரும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள். எனக்குக் காலை மடிக்க ஏலாது. ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தனித் தட்டும் தந்தார்கள். சிநேகிதனே இறைச்சியை அள்ளி வைத்தான். பக்கத்துச் சஹனில் இருந்த பொத்துவில் மனிதர் ஒருவர் நிமிர்ந்து, காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். சிநேகிதன் கரண்டியோடு அங்கேயே நின்றான்.

நான் அவருக்கு நாய்க் கதையைச் சொன்னேன். எந்த இடம், எந்த நேரம், நாய் எந்தப் பக்கத்தால் பாய்ந்தது என்றெல்லாம் விவரமாகச் சொன்னேன். மனிதர் உச்சுக்கொட்டினார். சிநேகிதன் என் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்துவிட்டு அடுத்த சஹனுக்குப் போனான்.