கறுப்பு எடுத்த கரண்டிகள்

ஒரு கரண்டியை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு கரண்டியின் பிடியால் மெல்லத் தட்டினால் வருகிற மெல்லிய, சீக்கிரம் அடங்காத "ணிங்" என்ற சத்தம், ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கீழே முன்னறையிலிருந்து புறப்பட்டு, பலகையையும் கார்ப்பெட்டையும் துளைத்துக்கொண்டு, அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் இருந்த மேல்மாடிப் பின்னறைக்கு வந்துசேரும். எனக்குப் பல் கூசும். அப்போது எனக்குப் பதினொரு வயது. கீழே பெரியப்பா தன் கரண்டிகளைச் சரிபார்க்கிறார் என்று அர்த்தம். யாரும் படியில் இறங்கக் கூடாது என்றும் அர்த்தம்.

அந்த வீடு லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்தது. பெரியப்பா அப்பாவின் அண்ணன். எழுபதுகளில் படிக்க வந்து, ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை எடுத்து, வீடு வாங்கி இருந்தவர். பிள்ளைகள் இல்லை. எண்பத்தேழின் கடைசியில் நாங்கள் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தபோது, "கவுன்சில் வீடு கிடைக்குமட்டும் இருங்கோ" என்று அந்தப் பின்னறையைத் தந்தார். தந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிட்ஜில் கடைசித் தட்டு மட்டும் எங்களுக்கு, வெந்நீர் காலை ஆறிலிருந்து ஆறரை வரை எங்களுக்கு, முன்னறை கூப்பிட்டால் மட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தந்த இடம் அது. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தோம். அங்கிருந்த கடைசி மாதத்தில் அம்மாவின் வயிற்றில் தம்பி ஐந்து மாதம். கவுன்சில் குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடுகளின் பட்டியலில் எங்கள் பெயர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது, அதுவரை அந்த அறை எங்களிடம் இருந்தால் போதும் என்று அம்மா தினமும் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்பார்.

முன்னறையில் கண்ணாடி அலுமாரிக்குள் முப்பத்துநான்கு கரண்டிகள் இருந்தன. எல்லாம் அமெரிக்கக் கரண்டிகள். அந்த நாட்டில் முன்னொரு காலத்தில் வெள்ளி எளிதில் கிடைக்காததால், தட்டார்கள் வெள்ளி நாணயங்களை உருக்கித் தகடாக அடித்துக் கரண்டி செய்தார்களாம். அதனால் "கொயின் சில்வர்" என்று பெயர். பிடி வயலின் போல இடுப்பு ஒடுங்கியிருக்கும். சிலவற்றில் நெற்கதிர்க் கட்டுப் போல ஒரு கோதுமைக் கட்டு, சிலவற்றில் பூக்கூடை. எல்லாவற்றிலும் யாரோ ஒரு மணப்பெண்ணின் முதலெழுத்துகள் கொடி கொடியாக வெட்டியிருக்கும். கரண்டிக் குழியின் இடது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும், வலது கையால் தலைமுறை தலைமுறையாகக் கோப்பையைச் சுரண்டியதால்.

பெரியப்பா இவற்றைச் சட்டன் பக்கம் ஒரு வெளியில் ஞாயிறு விடியற்காலையில், பழைய சாமான்களைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கும் கார் பூட் சந்தையில் பொறுக்கினார். இங்கிலாந்தில் வெள்ளி என்றால் பின்பக்கத்தில் ஒரு குட்டிச் சிங்கம் குத்தியிருக்கவேண்டும். அமெரிக்கக் கரண்டியில் செய்தவரின் பெயர்தான் இருக்கும், சிங்கம் இராது. ஆகவே விற்பவர்கள் அதை முலாம் பூசிய கரண்டிகளோடு பிஸ்கட் பெட்டியில் எறிந்துவிடுவார்கள். "வெள்ளைக்காரனுக்குச் சிங்கம் இல்லாட்டி வெள்ளியும் இல்லை. மடையன்கள்" என்று பெரியப்பா சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பெரியம்மா அந்தக் கரண்டிகளைக் குசினிக்குள் விடமாட்டார். "செத்த சனத்தின்ரை வாயிலை கிடந்ததுகள், மாட்டிறைச்சிச் சூப்புக் குடிச்சதுகள்" என்று, அலுமாரியைக் கடக்கும்போது சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு போவார். அதில் மட்டும் நான் பெரியம்மாவின் கட்சி.

நான் வெறுக்கத் தொடங்கிய நாளைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு பெரியப்பாவின் சிநேகிதர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அம்மா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார், அப்பா தேத்தண்ணித் தட்டோடு முன்னறை வாசலில் நின்றார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "முதல் கையைக் காட்டு." காட்டினேன். திருப்பச் சொன்னார், திருப்பினேன். பிறகு ஒரு கரண்டியையும் பூதக்கண்ணாடியையும் தந்து, பின்பக்கத்துப் பெயரை வாசிக்கச் சொன்னார். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. எனக்குக் குரல்தான் வரவில்லை. ஆட்களுக்கு முன்னால் இன்றும் வராது.

"ரெண்டு வருசமா லண்டனிலை படிப்பு. ஒரு பேர் வாசிக்க ஏலாது" என்றார் பெரியப்பா. "தகப்பன்ரை மூளை. அவனும் இப்பிடித்தான், வாய்க்குள்ளை கொழுக்கட்டை."

"விடும் ஐசே, பிள்ளை வெக்கப்படுது" என்றார் ஒருவர்.

"வெக்கம் இல்லை, மக்கு."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், கையிலிருந்த கரண்டியைச் சட்டைக் கையால் தேய்த்தேன். பெரியப்பா அதைப் பறித்தார்.

"துடைக்கிறேல்லை. இந்தக் கறுப்பு நூற்றைம்பது வருசம். இதை எடுத்தால் பிறகு இது வெறும் தகரம், ஒருத்தரும் திரும்பிப் பாராயினம். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாக விளங்கியது. அம்மா அப்போது குசினியில் இருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, பழைய வெள்ளிச் சாமான் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்றிலிருந்து ஓர் ஆங்கிலேயர் பெரியப்பாவின் கரண்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் சங்கத்தின் கண்காட்சியில் வைப்பார்கள், பக்கத்தில் ஓர் அட்டையில் பெரியப்பாவின் பெயர் இருக்கும். அந்த அட்டைக்காக அவர் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் மேசையில் நீல வெல்வெட் விரித்து முப்பத்துநான்கையும் வரிசையாக அடுக்கிவிட்டு, முடி வெட்டிக்கொண்டு அப்படியே ஸ்டேஷனிலிருந்து அந்த ஆங்கிலேயரைக் காரில் கூட்டிவரப் போனார். பெரியம்மா கேக் வாங்கப் புறப்பட்டார். அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட்.

"முன்னறையைப் பளிச்செண்டு வைச்சிடு பிள்ளை. ஒண்டும் விடாதை" என்று பெரியம்மா வாசலில் நின்று அம்மாவுக்குச் சொன்னார்.

"ஓமக்கா" என்றார் அம்மா.

அம்மா கார்ப்பெட்டைத் துப்புரவாக்கினார், யன்னல் துடைத்தார், கடைசியில் மேசைக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "இதென்னடி, இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்கு? பார்க்கிற மனிசன் இந்த வீட்டிலை பொம்பிளையளே இல்லையெண்டெல்லோ நினைப்பான்."

எங்கள் வீடுகளில் வெள்ளி கறுத்தால் அது பெண்ணுக்கு அவமானம். குத்துவிளக்கோ குங்குமச் செப்போ, நல்ல நாளுக்கு முன்னால் புளியில் ஊறவைத்து, தேய்த்து, விபூதி போட்டு மினுக்குவார்கள். அம்மா பேசினில் புளி கரைத்தார். கரண்டிகளை அதற்குள் இறக்கினார். சாமித்தட்டிலிருந்து விபூதி எடுத்துவந்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல் போதும். "அம்மா, வேண்டாம்." அந்த வீட்டில் எல்லோரும் நினைத்ததுபோல எனக்குச் சொல்ல வராமல் இருக்கவில்லை, அம்மாவோடு நான் நாள் முழுக்கக் கதைப்பேன்.

"கறுப்பு விடுகுதில்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பிச் சுருளை எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் துவாயால் துடைத்து வெல்வெட்டில் திரும்ப அடுக்கியதும் நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா நிமிர்ந்தபோது மணி இரண்டு. கரண்டிகள் நேற்றுச் செய்தவை போல இருந்தன. முகப்பெல்லாம் மெல்லிய கீறல், மணப்பெண்களின் எழுத்துகள் மங்கிவிட்டன. "பெரியப்பா சந்தோசப்படுவார்" என்றார் அம்மா.

ஆங்கிலேயர் உயரமான, மரியாதையான கிழவர். நாங்கள் படியில் இருந்து கேட்டோம். கதவு திறந்தது. காலடிகள் மேசைவரை போய் நின்றன. பிறகு அவர் ஆங்கிலத்தில், "ஓ, சுத்தம் பண்ணிவிட்டீர்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒன்றை எடுத்தார் போலும், திரும்ப வைத்த சத்தம் கேட்டது. தேத்தண்ணியைக் குடித்து, கேக்கைப் புகழ்ந்து, நாலு மணி ரயிலுக்குப் போய்விட்டார்.

பெரியப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. வேலையால் வந்த அப்பாவை, சட்டை மாற்றவும் விடாமல், முன்னறைக்குக் கூப்பிட்டார். "மாதம் முடிய வேறை இடம் பாருங்கோ."

"அண்ணை, அவ வயித்திலை பிள்ளையோடை..."

"அறிவில்லாததுகளை வீட்டுக்குள்ளை வைச்சிருந்தது என்ரை பிழை."

அம்மா அழுதபடி பெரியம்மாவைப் பார்த்தார். "கிளீன் பண்ணச் சொன்னது கதிரை மேசையைத்தானே" என்றார் பெரியம்மா. துடைக்கக் கூடாதென்று பெரியப்பா எனக்குச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் கேட்கவில்லை.

லூயிஷாமில் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஈரம் கசிந்த ஓர் அறையில் தம்பி பிறந்தான். கவுன்சில் வீடு கிடைத்து நாங்கள் சட்டனுக்கு வரும் வரை அவன் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கினோம். பெரியப்பா அதன்பின் கரண்டி சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு எனக்குத் துக்கம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. அவரை நினைத்தால் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற அப்பாதான் கண்ணுக்கு வருகிறார்.

அந்தச் சந்தை வெளியில் இப்போது வீடுகள். பிஸ்கட் பெட்டிகளும் போய்விட்டன. விற்பவர்கள் பின்பக்கத்துப் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள், மடையன்கள் என்று சிரிக்க ஆள் இல்லை. அப்பா போய்விட்டார், பெரியம்மாவும் போய்விட்டார். தனியாகப் படுக்கையில் விழுந்த பெரியப்பாவுக்கு அம்மா இரண்டு வருடம் சமைத்துக் கொண்டுபோனார். கிழமைக்கு மூன்று நாள், நான் காரில் கூட்டிப்போவேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வாசலில் காருக்குள் இருந்து, அம்மா எழுபத்தாறு வயதில் வெறும் பாத்திரங்களோடு திரும்பி வருவதைப் பார்ப்பேன்.

பெரியப்பாவின் செத்தவீடு முடிந்த அன்று அந்தத் தெருவிலேயே அம்மா காருக்குள் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார், "அந்த மனிசனுக்கு நான் செய்த அநியாயம் இனியெண்டாலும் கொஞ்சம் கழிஞ்சிருக்கும்." பிறகு, நான் சாவியைத் திருப்பப்போகும்போது, "நீ அப்ப இங்கிலீஷ் படிச்சனிதானே. அதுகளைத் தேய்க்கக் கூடாதெண்டு உனக்கும் தெரியாதே?" என்று கேட்டார்.

"தெரியாதம்மா" என்றேன்.

"ஓம், சின்னப்பிள்ளை. உனக்கு எப்பிடித் தெரியும்" என்று, எனக்காக அவரே சொல்லிக்கொண்டு, என் கையைத் தட்டிக்கொடுத்தார்.