சாலைப் பலமும் திருநெல்வேலிப் பலமும்

“…இங்க ஒரு பலம் அறுபது கிராமுன்னா, அடுத்த கடையில முப்பத்தஞ்சு கணக்குல நான் வாங்கின வெல்லம் என்ன ஆறது?” என்று என் மனைவி, சாலை என்ற கடைத்தெருவின் மருந்துக்கடைக்காரரிடம் சீறினாள். மகளுக்குப் பிரசவ லேகியம் கிண்ட வேண்டும். சீட்டில் எல்லாமே பலம் என்ற பழைய எடைக்கணக்கு. அவள் கைபேசியில் தேடியதில் ஒரு பலம் முப்பத்தைந்து கிராம். “இவிடெ அறுபதாக்கும், சேச்சி” என்று மலையாளத்தில் சொன்னபடி அவர் மிளகை அள்ளினார். ஒரே பேருக்கு ரெண்டு எடை, எவன் வைத்தானோ!

அந்த மிளகு நெடி என்னைப் பத்து வயசுக்குத் தள்ளியது. அத்தையின் பிரசவத்துக்கு அப்பா இதே தெருவில் அறுபது கிராம் பலத்தில் மிளகும் சுக்கும் வாங்கிவந்தார். திருநெல்வேலிக்காரியான அம்மா தன் ஊர் முப்பத்தைந்து கிராம் பலத்தில் வெல்லம் போட்டாள். கிண்டக் கிண்ட அடுக்களையே இருமியது. ஒரு வாய் நக்கிய அத்தை அலறினாள்; பிள்ளைக்குப் பால் கொடுக்கவே பயந்தாள்.

“காரமெல்லாம் இல்லை, கணக்கு சரி” என்று அப்பா ஓர் உருண்டையை விழுங்கினார். கண்ணில் தாரைதாரையாக நீர்.

“அப்போ மிச்சத்தையும் நீங்களே தின்னுங்கோ” என்றாள் அம்மா. வீம்புக்கு நாற்பது நாள் தின்றார், மனுஷர்!

இதை மனைவியிடம் சொன்னேன். “கதை கேட்கவா வந்தேன்?” என்று முறைத்தவள், பையிலிருந்த வெல்லத்தை எடுத்து, அறுபதுக்கு எவ்வளவு குறைகிறதென்று பார்க்க, மிளகு நிறுத்த அதே தராசில் தூக்கி வைத்தாள்.