மிஸிமேல் நான் எழுதிய பெட்டிசம்

நான் எழுதியவற்றுள் மேலிடத்தில் உடனே எடுபட்டது ஒன்றே ஒன்றுதான். அதில் என் கையொப்பம் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம். நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்தையும் எட்டாம் வகுப்பையும் ஒரே கிழமையில் விட்டுவிட்டு ஓடினவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக்கடையில் நின்றேன், புத்தளத்தில் உப்புச் சுமந்தேன். பிறகு மறுபடி வடக்கே வந்து, மயிலிட்டிக்குக் கிழக்கே ஒரு கரையில் மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடும் வேலையில் சேர்ந்தேன். படுக்கக் கரையோர ஓலைக்குடிசை, ஒரு வாடி கிடைத்தது. தின்ன மீன் கிடைத்தது. கடிதமோ, மேலிடத்துக்கு மனுப்போடும் பெட்டிசமோ எழுதுவதென்றால் கரையில் என்னிடம்தான் வருவார்கள். 'மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கிவிட்டால் மிச்சத்தைக் கை தானாக எழுதும்.

அந்தக் கரையில் இரண்டு அறைகளோடு ஓர் அரசாங்க மருந்துச்சாலை இருந்தது. டொக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் மிஸி மட்டும்தான். தாதியை நாங்கள் மிஸி என்போம். அவர் கொக்குவில்காரி, நாற்பது வயதிருக்கும். புண் கழுவிக் கட்டுவார். டொக்டர் துண்டில் எழுதிக்கொடுத்தால் ஊசி போடுவார். துண்டு இல்லாவிட்டால் ஊசி இல்லை. அப்படியொரு சுற்றறிக்கை இங்கிலிசில் வந்து சுவரில் தொங்கியது. அதன் கீழே மிஸியே தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்.

கொழும்பிலிருந்து நான் ஒரு நோயைக் கொண்டுவந்திருந்தேன். போகக்கூடாத இடத்துக்குப் போனால் வருவது. சலம் போனால் நெருப்பாக எரிந்தது. பெனிசிலின் போட்டால் மாறும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் டொக்டர் எங்கள் ஊர்க்காரர், என் பெரியப்பா வீட்டில் கைநனைக்கிறவர். ஆகவே ஒரு புதன்கிழமை, ஆள் இல்லாத நேரம் பார்த்து மிஸியிடம் போனேன்.

"மிஸி, எனக்கு ஒரு பெனிசிலின் போடுங்கோ."

"துண்டு எங்கை?"

"துண்டு இல்லை."

"என்ன வருத்தம்?"

சொன்னேன். நோயைக் கேட்டும் அவர் முகம் மாறவில்லை.

"வெள்ளிக்கிழமை டொக்டரிட்டைக் காட்டு. இது ரெண்டு நாளிலை ஆளைக் கொல்லாது."

"அவர் எங்கடை ஊர், மிஸி."

"அப்ப பெரியாஸ்பத்திரிக்குப் போ. அங்கை உன்னை ஆருக்குத் தெரியும்? என்னை ஊசி குத்தத்தான் விட்டிருக்கினம் தம்பி. ஆருக்கு, என்ன மருந்து எண்டு முடிவெடுக்க எனக்கு உரித்தில்லை."

அடுத்த கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், நோய் மாறியது. ஆனால் அந்தப் பெண்ணின் முன்னால் வாயைத் திறந்து சொன்னதும், வெறுங்கையோடு திரும்பியதும் மாறவில்லை. வெட்கம் எனக்குள் கோபமாகப் புளித்துக்கொண்டிருந்தது.

அந்த மாரியில், பக்கத்து வாடியில் இருந்த அண்ணையின் காலில் திருக்கை முள் ஏறியது. மூன்றாம் நாள் கால் தொடைவரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கினார். அன்று வெள்ளி. றோட்டில் இடுப்பளவு வெள்ளம், பஸ்ஸும் இல்லை, டொக்டரின் காரும் வரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்குப் போன நாலு பேரில் நானும் ஒருவன்.

மிஸி காலைப் பார்த்தார். றோட்டுக்கு இறங்கிப்போய்க் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து அண்ணையின் பெண்சாதியிடம், "முந்தி எப்பவாவது பெனிசிலின் போட்டவரோ? போட்டு மேல் தடிச்சதோ?" என்று கேட்டார். இல்லை என்றதும் ஊசியைக் கொதிக்கவைத்தார். போட்ட பிறகு, புத்தகத்தை எடுத்து அதில் எழுதினார்: 'டொக்டர் வரவில்லை. நோயாளியின் நிலை மோசம். நானே போட்டேன்.' கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். மூன்று நாள் அப்படியே போட்டார், அப்படியே எழுதினார். அண்ணை பிழைத்துக்கொண்டார்.

கரை முழுக்க மிஸியைப் புகழ்ந்தது. எனக்கு மட்டும் பற்றி எரிந்தது. அவனுக்குத் துண்டு வேண்டாம், எனக்குத்தான் துண்டோ? அண்ணையின் கால் காத்திருக்காது, என் நோய் காத்திருக்கும் என்பது அப்போதே எனக்கு விளங்கித்தான் இருந்தது. விளங்கிக்கொண்டுதான் மீன்பெட்டிமேல் தாளை வைத்து எழுதினேன். 'வைத்தியரின் எழுத்தின்றித் தன் எண்ணப்படி ஊசி போட்டு ஏழைகளின் உயிரோடு விளையாடுகிறார்.' கடைசிச் சொற்களைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. கீழே 'பொதுமக்கள்' என்று போட்டு, காங்கேசன்துறைத் தபாற்கந்தோருக்கு நடந்துபோய் அனுப்பினேன்.

மருந்தின் பெயர், அளவு, ஆபத்து எல்லாம் தெரிந்தவருக்கு ஒரு வரி எழுத உரித்தில்லை. ஒன்றும் தெரியாத நான் எதையும் எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

விசாரணை என்று கடிதம் வந்ததும் கரை கொதித்தது. சந்தியில் மருந்துக்கடை வைத்திருந்தவரைத்தான் எல்லோரும் பிடித்தார்கள். "உவன்தான் எழுதியிருப்பான். மிஸி சும்மா மருந்து குடுக்கிறா எண்டு உவனுக்கு வயித்தெரிச்சல்." அவர் கடை வாசலில் யாரோ மீன் கழுவிய தண்ணியை ஊற்றினார்கள். நானும் கூட நின்று சிரித்தேன்.

பிறகு அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு என்னிடமே வந்தார்.

"தம்பி, மிஸிக்காக ஒரு பெட்டிசம் எழுது. நல்லா உறைக்க எழுது. நாங்கள் கைநாட்டு வைக்கிறம்."

"ஐஸ் உடைச்சு விரல் விறைச்சுப்போச்சு அண்ணை. யாழ்ப்பாணம் ரவுணிலை டைப் அடிப்பிப்பம்."

"டைப்போ? எங்கடை மிஸிக்கு எங்கடை ஆள் எழுதாமலோ? சோறு தின்னேக்கை விரல் விறைக்கிறேல்லையே, கொழும்புத் துரை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுதினேன். எழுத்தைச் சரித்தும் நீட்டியும் பார்த்தேன். நாலு வரி போனதும் பழைய கை வந்துவிட்டது. தாள் நிறையக் கைநாட்டு விழுந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வயதான மனிதர். அண்ணை பெட்டிசத்தை நீட்டினார். அவர் வாசித்தார். கோப்பைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஆர் இதை எழுதினது?"

அண்ணை பெருமையோடு என்னை முன்னால் தள்ளினார். "இவர்தான் ஐயா. எங்கடை கரையிலை படிச்ச ஆள்."

அதிகாரி மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். அறையில் அவரும் மிஸியும் நானும். யன்னலெல்லாம் தலைகள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, மொட்டைப் பெட்டிசம் எழுதின ஆள், கோவத்திலை எழுதினனான் எண்டு வாயாலை சொன்னால் காணும். புத்தகத்திலை இருக்கிறதை அவசரம் எண்டு எழுதி, இண்டைக்கே மூடிவிடுவன். சொல்லாட்டி நான் மேலை அனுப்பவேணும். ஆர் எண்டு தெரியுமோ?"

என்ன கோபம் என்று அவர் அடுத்ததாகக் கேட்பார். யன்னலில் நின்ற அண்ணையைப் பார்த்தேன்.

"தெரியாது ஐயா," என்றேன்.

மிஸி இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று கண்டேன்.

"மிஸி, உங்களோடை ஆருக்கும் கோவமோ?" என்று அதிகாரி கேட்டார். "ஏதும் இருந்தால் இப்ப சொல்லுங்கோ."

என் நோயை ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"வருத்தம் எண்டு வாற ஆக்களைப் பற்றி நான் வெளியிலை கதைக்கிறேல்லை ஐயா. ஊசி போட்டது நான்தான். புத்தகத்திலை இருக்கு."

மாற்றல் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. எங்கோ வன்னிக்குள், தனியே எதுவும் செய்ய விடாத ஓரிடத்துக்கு.

அவர் போன அன்று கரையே பஸ் நிறுத்தத்தில் நின்றது. பெண்கள் அழுதார்கள். மருந்துக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அண்ணை கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பெலசாலி, பெட்டியை மேலை ஏத்து," என்றார்.

நான் தகரப்பெட்டியைத் தூக்கினேன். மிஸி என்னிடம் பேசினார். "பாத்து வை தம்பி. உள்ளுக்குப் போத்தல் இருக்கு."

பஸ்ஸின் கூரையில் ஏறிப் பெட்டியை வைத்துக் கட்டினேன். இறங்கினால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். கயிறு இறுகித்தான் இருந்தது. ஆனாலும் அவிழ்ப்பதும் கட்டுவதுமாக மேலேயே குந்தியிருந்தேன். கொண்டக்டர் தகரத்தில் தட்டி, "டேய், நீயும் வாறியோ?" என்று கத்திய பிறகுதான் பின்பக்கத்தால் இறங்கினேன்.