பாக்கியநாதனின் நிழல் விழுந்த படங்கள்

காலை ஜெபத்தில் இருந்தபோது பாக்கியநாதனின் மகள் ஷீபா தொலைபேசியில் அழைத்தாள். "ஆன்ட்டி, பப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே..." அதற்குமேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை, இந்தியில் அழுதாள். புனேயின் கட்கியில் நம் தமிழ் வீட்டுத் திருமணங்களையும் அடக்கங்களையும் படம் பிடித்த பாக்கியநாதன் இனி இல்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியை மூடுமுன் தேவாலய வாசலில் குடும்பமாகச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அந்த நேரத்திலும் அவர் நம்மை லேசாகச் சிரிக்க வைத்துவிடுவார். "பெட்டியில இருக்கறவர் ஒருத்தர்தான் அசையாம ஒத்துழைக்கிறார். நீங்களும் கொஞ்சம் நில்லுங்கப்பா."

வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுப்பார். அதனால் அவருடைய நிழல் அடிக்கடி படத்துக்குள் விழுந்துவிடும். என் கணவரின் அடக்கத்திலும் விழுந்தது. "யோவ் பாக்கியம், தலைய நகத்துய்யா! அண்ணன் மூஞ்சி மேல விழுது" என்று என் கொழுந்தனார் கத்தினார். நகர்ந்து மறுபடி எடுத்த படம்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் மாலை வெயில் பட்டு முகம் வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது. இளவயதுப் படங்கள் இருக்கின்றன. நோயில் மெலிந்த, நான் கஞ்சி ஊட்டிய அந்தக் கடைசி முகம் எதிலும் இல்லை. வருடங்கள் போக, நினைவிலும் வெள்ளைதான் மிஞ்சியது.

இந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன், புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு சிறு அரங்கில் பாக்கியநாதன் கண்காட்சி வைத்தார். எல்லாம் அவர் நிழல் விழுந்ததால் ஒதுக்கப்பட்ட படங்கள். எங்களுடையதும் இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு.

"என்ன பாக்கியம் இது? கழட்டிடுங்க" என்றேன்.

"கழட்டறேன் டீச்சர். அதுக்கு முன்ன கொஞ்ச நேரம் பாத்துட்டே நில்லுங்க."

வெயிலில் விளையாடிவிட்டு வகுப்புக்குள் வரும் பிள்ளைகளுக்குக் கரும்பலகை உடனே தெரியாது. கண் பழகட்டும், பிறகு எழுதுங்கள் என்பேன். அன்று நானும் அப்படித்தான் நின்றேன். கறுப்புக்குள் முதலில் நெற்றி வந்தது. பிறகு இமைகள். பிறகு, அடக்கத்தன்று அவசரத்தில் சவரம் செய்துவிட்டபோது தாடையில் விழுந்த கீறல்.

"வெயில்ல முகம் வெளுத்துடும் டீச்சர். நான் குறுக்க நின்னதாலதான் அண்ணன் இருக்கார்."

அதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். "நானே கொண்டாறேன். சாய் கீய்னு ஏமாத்தாதீங்க, காபி வேணும்."

அவர் வரவில்லை. அவருடைய அடக்கத்துக்கு மறுநாள் ஷீபாதான் ஆட்டோவில் கொண்டுவந்தாள். பிரித்ததும் விரலை நிழலின் ஓரத்தில் வைத்தாள். "பப்பா காது, ஆன்ட்டி. எப்பவும் அவங்கதான் எடுப்பாங்க, அவங்களோடது எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

எடுத்துப்போகச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

படுக்கையறையில் மாட்டியிருக்கிறேன். சில மாலைகளில் அந்த நிழலின் தலை சற்றுச் சாய்ந்ததுபோல் இருக்கிறது. பயம்தான், ஆனாலும் உடனே விளக்கைப் போடுவதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஷீபா வருகிறாள். படத்தின் முன் நிற்கிறோம். அவள் நிழலின் விளிம்பைப் பார்க்கிறாள். நான் உள்ளே பார்க்கிறேன். பாக்கியநாதன் எனக்கு விட்டுச்சென்றது அவ்வளவுதான்: ஒரு மனிதர் குறுக்கே நின்ற இடம், அதற்குள் என் கணவரின் முகம்.