ஹார்ட் லேண்டிங் என்று எழுதச் சொன்னார்கள்

விமானத்தின் முன்சக்கரக் காலை எங்கள் பெஞ்சில் இறக்கி வைத்ததுமே பைலட் பள்ளியின் மேனேஜர், கூட வந்திருந்த பெண்ணைக் கைகாட்டி, "பாருங்க பாய், இவங்க பண்ண வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலை இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் தீர்ப்பு.

எங்கள் ஒர்க்‌ஷாப் திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பைலட் பயிற்சிப் பள்ளிகளின் சின்ன விமானங்களில் தேயக்கூடிய சக்கரம், பிரேக், கால் எல்லாம் இங்கே வரும். எதை மாற்றுவது, எதைத் திருப்பி மாட்டுவது என்று முடிவுசெய்து கையெழுத்துப் போடுவது என் வேலை.

அந்தப் பெண் சங்கமித்ரா, வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி, அந்தப் பள்ளி மாணவி. அவள் இறக்கும்போது முன்சக்கரம் வெடவெடவென்று உதறி, விமானம் ரன்வேயை விட்டு மண்ணில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை.

"தூக்கிப் போட்டு இறக்கிட்டாங்க. ஹார்ட் லேண்டிங்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர். மற்றது என்றால் அவளைப் பயிற்சியிலிருந்து நீக்குவது. அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

காலைப் பிரித்தேன். ஓங்கி விழுந்த அடி என்றால் குழாய் வளைந்திருக்கும், எங்காவது விரிசல் காணும். டயல் கேஜ் வைத்து உருட்டினேன், வளைவு இல்லை. விரிசலைக் காட்டும் சாயம் தடவிப் பார்த்தேன், விரிசலும் இல்லை. டார்க் லிங்க் என்று ஒன்று உண்டு. சக்கரம் இஷ்டத்துக்குத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் மடக்குக் கை அது. அதன் மூட்டில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற உலோக வளையம்தான் முதலில் தேயும், தேய்ந்தால் சக்கரம் உதறும். இங்கே வட்ட ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. போல்ட்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம். ஒரு நாள் அடியில் இப்படி வழவழவென்று தேயாது, மாதக்கணக்கில் ஆடித்தான் தேயும். இன்னும் கேவலம், ஆட்டம் வெளியே தெரியாமலிருக்க வாஷருக்கு மேல் வாஷராகத் திணித்திருந்தார்கள். தெரிந்தேதான் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"சார், இந்தப் புஷ்ஷை எப்பவோ மாத்தியிருக்கணும்."

"போன இன்ஸ்பெக்‌ஷன்ல லிமிட்டுக்குள்ளதான் இருந்துச்சு பாய்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. லிமிட் என்பது அதுவரை ஓட்டிக்கொள் என்று கொடுத்த சலுகை அல்ல. இன்று எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவே எவ்வளவு தேய்ந்தது, அடுத்த முறை வரை தாங்குமா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் இன்றைக்கே மாற்ற வேண்டும். வீட்டு கேஸ் டியூபைக் கசிவதற்கு முன்பே மாற்றும் புத்தி எல்லோருக்கும் இருக்கிறது, விமானத்துக்கு மட்டும் வருவதில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி என் ராயபுரத்துத் தோஸ்து. என்னை ஓரமாக இழுத்தார். "இன்னாத்துக்கு பாய் பேஜாரு? பெரிய பார்ட்டி. கேக்கற மாதிரி ரெண்டு வரி எழுதிக் குடேன்."

"எழுத மாட்டேன் நைனா. இவனுங்க புஷ் மாத்தலைன்னா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

கத்தியே சொன்னேன். 'நீண்டநாள் தேய்மானம், அடியால் வந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி இந்தப் பக்கமே வரமாட்டோம் என்றார் மேனேஜர். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார்.

சங்கமித்ரா புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் மேனேஜரிடம் திரும்பினாள்.

"சார், மத்த பிளேன்லயும் இதே புஷ்தானே கீது? அதையெல்லாம் யாரு பாத்தா? நம்ம பசங்க இப்போ பறந்துகினு கீறாங்க சார்."

அத்தனை நேரம் நாங்கள் ஒரே ஒரு காலைச் சுற்றி நின்று சண்டை போட்டிருக்கிறோம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பாகம் தேய்ந்து கைக்கு வந்தால், அதே பாகம் இன்னும் எங்கெங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். யார் தப்பு என்பதை அப்புறம் பேசலாம்.

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "எல்லாத்தையும் கீழ இறக்கச் சொல்லு, இப்பவே இறக்கச் சொல்லு" என்று அவர் கத்தியது லாரி ஹாரன்களை மீறி உள்ளே கேட்டது.